பிள்ளைக்கு 19 நாள், "பால் பத்தல"ன்னு வீடே சொல்லுது

பூட்டூர்க்காரி:

அக்காமார்களே, இங்க இது என் முதல் பதிவு. மணி ராத்திரி 2.40. பாப்பா இப்பத்தான் கண்ணசந்தா. இருபது நிமிஷத்துல எழுந்துருவா, அதுக்குள்ள எழுதிடணும்.

நான் திண்டுக்கல். முதல் பிரசவம், சிசேரியன், தனியார் ஆஸ்பத்திரி. பிறந்த எடை 2.900. தியேட்டர்லருந்து என்னை வார்டுக்குக் கொண்டு வந்தப்பவே பாப்பாவுக்கு பாட்டில்ல பவுடர் பால் குடுத்து முடிச்சிருந்தாங்க. அதுக்கும் முன்னாடி எங்க அப்பத்தா சேனை வச்சிருச்சு, சீனித்தண்ணிதான். ஆக, நான் மூணாவது ஆளு. அஞ்சாம் நாள் டிஸ்சார்ஜ் ஆகும்போது 2.680. 17ஆம் நாள் காட்டப் போனப்ப 2.780. இன்னும் பிறந்த எடைக்கே வரல. "பால் பத்தல, மூணு வேளை பவுடர் சேர்த்துக்குங்க"ன்னு ரெண்டே நிமிஷத்துல அனுப்பிட்டாங்க.

ஒரு தடவை மார்ல போட்டா அம்பது நிமிஷம், சில சமயம் ஒரு மணி நேரம். எடுத்தா அழுறா. வலி உயிர் போகுது. இடது காம்புல வெடிப்பு, முந்தாநாள் ரத்தம் வந்துச்சு. இடது பக்கம்னாலே கால் கட்டைவிரலைச் சுருட்டிக்கிட்டுத்தான் உட்காருறேன். அம்மா தினம் பூண்டு வதக்கி, பால்சுறா புட்டு, முருங்கைக்கீரைன்னு போட்டுத் தள்ளுறாங்க. என் மேலே பூண்டு வாடை, பிள்ளை மேலேயும் பூண்டு வாடை. அத்தை தினம் சாயங்காலம் போன்ல "இன்னிக்காச்சும் பால் ஊறுச்சா?"ன்னு கேக்குறாங்க. பக்கத்து வீட்டம்மா வந்து என் மாரைப் பார்த்துட்டு "இதுல என்னத்த ஊறும்"னு சொல்லிட்டுப் போச்சு. அவரு ஓசூர்ல வேலை, சனிக்கிழமை ராத்திரி வந்து ஞாயித்துக்கிழமை போயிருவாரு.

நேத்து பாத்ரூம்ல தண்ணிக்குழாயைத் திறந்து விட்டுட்டு அழுதேன்.

எனக்கு நிஜமாவே பால் இல்லையா? இதை நேர்ல வந்து பார்த்துச் சொல்ல யாராவது இருக்காங்களா? பவுடரை எப்படி நிறுத்துறது?

-----

மூணு புள்ளைக்காரி:

முதல்ல ஒண்ணு சொல்லு கண்ணு. ஒரு நாளைக்கு எத்தனை துணி நனைக்கிறா? மூத்திரம் என்ன நிறம்? மஞ்சளா வெளிக்குப் போறாளா? கண்ணு மஞ்சளா இருக்கா? எழுப்பினா எழுந்திருக்காளா, இல்ல துவண்டு துவண்டு தூங்குறாளா?

இதுக்குப் பதில் தெரியாம ஆளாளுக்கு லேகியம் சொல்லக் கூடாது.

-----

பூட்டூர்க்காரி:

அம்மா கோடு போட்டு வச்சிருக்காங்க அக்கா, காலண்டர் பின்னாடி. நேத்து ஆறு துணி, முந்தாநாள் ஏழு. மூத்திரம் வெள்ளையாத்தான் போறா. வெளிக்கு மூணு தடவை, கடுகு அரைச்ச மாதிரி மஞ்சள். கண்ணு மஞ்சள் பத்தாம் நாளே போயிருச்சு. எழுப்பவே வேணாம், அவதான் எங்களை எழுப்புறா.

-----

ரிட்டயர்டு சிஸ்டர்:

கண்ணு, நான் 31 வருஷம் கிராம சுகாதார செவிலியரா இருந்து ரிட்டயர் ஆனவ. இப்ப என் வேலை பேரப்பிள்ளைகளை ஸ்கூல் வேன்ல ஏத்துறது. கொஞ்சம் நீளமாத்தான் எழுதுவேன், பொறுத்துக்கோ.

ஆறு துணி நனையுது, தானா எழுந்து அழுறா, மஞ்சள் இறங்கிருச்சு. இன்னிக்கு ராத்திரி பயப்பட வேண்டிய பிள்ளை இல்ல இது. ஆனா எடையைச் சும்மா விடவும் கூடாது. பிறந்த பிள்ளை முதல் நாலஞ்சு நாள்ல கொஞ்சம் இறங்கும், பத்துல ஒரு பங்கு வரைக்கும்கூட இறங்குறது உண்டு. ரெண்டு வாரத்துக்குள்ள பிறந்த எடைக்குத் திரும்பிரணும். உன் பிள்ளை இறங்கினது 220 கிராம், அது தப்பில்ல. ஏறினதுதான் மெதுவு. 12 நாள்ல 100 கிராம். ஒரு நாளைக்கு 20லருந்து 30 கிராம் ஏறணும். அதனால பவுடரை நாளைக்கே நிறுத்துறேன்னு கிளம்பாதே.

இப்ப நீ எழுதினதுல எனக்குக் கண்ணுல பட்டது இது. அம்பது நிமிஷம், வெடிப்பு, எடுத்தா அழுகை. மூணும் சேர்ந்து வந்தா நான் பாலைச் சந்தேகப்பட மாட்டேன், பிடிப்பைத்தான் சந்தேகப்படுவேன். பிள்ளை காம்பை மட்டும் கவ்விக்கிட்டு இருக்கு. காம்பைச் சப்பினா வலிக்கும், பால் வராது. பால் வராததால விடாது. விடாததால புண்ணாகும். புண்ணானதால நீ அடுத்த தடவையைத் தள்ளிப் போடுவே. தள்ளிப் போட்டா, காலியாகாத மார் "இவ்வளவு போதும் போலருக்கு"ன்னு ஊறுறதைக் குறைச்சுக்கும். கிணறு மாதிரிதான், இறைக்க இறைக்கத்தான் ஊறும். மாரோட அளவுக்கும் பாலுக்கும் சம்பந்தமே இல்ல, அந்தப் பக்கத்து வீட்டம்மாகிட்ட நான் சொன்னேன்னு சொல்லு.

செய்ய வேண்டியதைச் சொல்றேன். சிசேரியன் தையல் இருக்கறதால மடியில குறுக்கே போட்டா பிள்ளை வயித்துல உதைக்கும், நீ கூனிப்போவே. தண்ணிக்குடத்தை இடுப்புல இடுக்குற மாதிரி பிள்ளையைக் கக்கத்துப் பக்கமாப் போடு. கால் உன் முதுகுப் பக்கம் போகட்டும், கீழே ரெண்டு தலகாணி. பிள்ளையோட காது, தோள், இடுப்பு ஒரே நேர்கோட்டுல இருக்கணும். கழுத்தைத் திருப்பிக்கிட்டு நம்மால தண்ணி குடிக்க முடியுமா? கையால பின்னந்தலையை அமுக்காதே, தோளையும் கழுத்தடியையும் தாங்கு. காம்பு பிள்ளையோட மூக்குக்கு நேரா இருக்கட்டும். மேல் உதட்டுல லேசாத் தடவு. கொட்டாவி விடுற அளவுக்கு வாயைத் திறக்கும். அது வரைக்கும் காத்திரு, பாதி திறந்தப்ப அவசரப்பட்டுத் திணிக்காதே. திறந்த நொடியில பிள்ளையை உன்கிட்ட இழு. நீ குனிஞ்சு மாரைக் கொண்டுபோகாதே. தாடை முதல்ல மார்ல பதியணும். கருவட்டம் மேல்பக்கம் கொஞ்சம் தெரியலாம், கீழ்ப்பக்கம் வாய்க்குள்ள போயிருக்கணும். கீழ் உதடு வெளியே மடிஞ்சிருக்கணும்.

சரியாப் பிடிச்சா கன்னம் உப்பலா இருக்கும், குழி விழாது. முதல்ல வேகமாச் சப்பும், பால் இறங்கினதும் நிதானமாகி ஒரு இழுப்பு, ஒரு முழுங்கல். தொண்டையில "க்"னு கேக்கும். சப்புறது வேற, குடிக்கிறது வேற. முதல் அரை நிமிஷம் சுருக்குன்னு வலிச்சு அடங்கினா பரவால்ல. வலி தொடர்ந்தா சுண்டுவிரலை வாயோரத்துல விட்டுப் பிடிப்பை எடுத்துட்டு மறுபடி போடு. நாலு தடவை ஆனாலும் சரி. வாயிலருந்து வெளியே வர்ற காம்பைப் பாரு, ஒரு பக்கம் நசுங்கி வெளுத்திருந்தா பிடிப்பு தப்பு.

ராத்திரி உட்காராதே, ஒருக்களிச்சுப் படுத்துக் குடு. 24 மணி நேரத்துல எட்டுலருந்து பன்னெண்டு தடவை. வெடிப்புக்கு உன் பாலையே ரெண்டு சொட்டு பீச்சித் தடவிக் காத்தாட விடு. சோப்புப் போட்டுக் கழுவாதே.

பவுடர் குடுத்தாகணும்னா பாட்டில் வேணாம், பாலாடை, அதான் அந்த மூக்கு வச்ச சின்னக் கிண்ணம். பாட்டில்ல பால் தானா ஒழுகும், மார்ல உழைக்கணும். பத்தொம்பது நாள் பிள்ளைக்கு எது சுலபம்னு தெரியாதா? மார்ல குடுத்து முடிச்ச பிறகு கையால பீச்சி, வர்ற பாலை முதல்ல பாலாடையில குடு. அதுக்கு மேல வேணும்னாத்தான் பவுடர். பிள்ளையை நிமித்தி உட்கார வச்சு, பாலாடை மூக்கை உதட்டோரத்துல வச்சு, அதுவா உறிஞ்ச விடு. வாய்க்குள்ள ஊத்தக் கூடாது, புரையேறும்.

நேர்ல பார்க்கத்தானே ஆள் கேட்டே? ஒரு சிக்கல் சொல்றேன். பிரசவம் ஆன வீடுகளுக்கு நாங்க போய்ப் பார்ப்போம், முதல் ஆறு வாரத்துல பல தடவை. ஆனா நீ மாமியார் வீட்டு ஊர்ல பதிஞ்சு, தனியார்ல பெத்து, தாய்வீட்டுக்கு வந்திருப்பே. அங்க இருக்கற சிஸ்டர் லிஸ்ட்டுல உன் பேர் இருக்காது. பாதிப் பொண்ணுங்க இப்படித்தான் ரெண்டு ஊருக்கும் நடுவுல விழுந்து போறாங்க. கர்ப்பத்தைப் பதிஞ்சப்ப குடுத்த பிக்மி நம்பரை எடுத்துக்கிட்டு அம்மாவை உங்க துணை சுகாதார நிலையத்துக்கு அனுப்பு. இல்லைன்னா நேரா அரசு மருத்துவக்கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போ, பச்சிளங்குழந்தைப் பிரிவுல தாய்ப்பால் விஷயம் பார்க்கறவங்க யாருன்னு கேளு. போய், "எனக்குப் பால் வருமா"ன்னு கேக்காதே. "நான் பிள்ளைக்குக் குடுக்கறதை முழுசா ஒரு தடவை உட்கார்ந்து பாருங்க"ன்னு கேளு. இதுவரைக்கும் எல்லாரும் உனக்குச் சொல்லியிருக்காங்க, ஒருத்தராவது பார்த்திருக்காங்களா?

பிள்ளை துணி நனைக்கிறது குறைஞ்சா, எழுப்பியும் குடிக்காம தூங்கினா, காய்ச்சல் வந்தா, இதையெல்லாம் படிச்சிட்டு இருக்காதே, உடனே ஆஸ்பத்திரி.

பின்குறிப்பு: சீனித்தண்ணியோட போச்சே, நல்ல வேளை. ஒரு வயசு வரைக்கும் தேன் நாக்குல வைக்க விடாதே, அப்பத்தா கோவிச்சுக்கிட்டாலும் சரி.

-----

தைராய்டு தங்கம்:

சிஸ்டர் சொன்னது எல்லாம் சரி. ஆனா ஒண்ணு சொல்லணும், கோவிச்சுக்காதீங்க. "பால் இல்லாத தாயே கிடையாது"ன்னு எனக்கும் எல்லாரும் சொன்னாங்க. பிடிப்பு சரி பண்ணேன், ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பீச்சினேன், வெந்தயத்தை முழுங்கினேன். ஒரு மாசம் கழிச்சு ஒரு டாக்டரம்மாதான் ரத்தப் பரிசோதனை எழுதிக் குடுத்தாங்க. தைராய்டு கன்னாபின்னான்னு இருந்துச்சு. மாத்திரைக்கு அப்புறம் கூடுச்சு, ஆனா முழுசா வரல. என் பையன் பாதி தாய்ப்பால், பாதி பவுடர். இப்ப நாலு வயசு, சோஃபா மேலருந்து குதிச்சிட்டு இருக்கான்.

அதனால தோழி, பிடிப்பைப் பாரு, கூடவே ஒரு ரத்தப் பரிசோதனையும் எடுத்துரு. பிரசவத்துல ரத்தம் ரொம்பப் போயிருந்தா அதையும் சொல்லு. பவுடர் குடுக்க வேண்டி வந்தா டப்பாவுல போட்டிருக்கிற அளவுப்படி கலக்கு. மிச்சம் பிடிக்கிறேன்னு தண்ணியைக் கூட்டிக் கலக்குற வீட்டைப் பார்த்திருக்கேன், அதான் ஆபத்து.

-----

ரிட்டயர்டு சிஸ்டர்:

தங்கம், கோவமெல்லாம் இல்லம்மா. நீ சொன்னது நான் சொல்லியிருக்க வேண்டியது. என் அனுபவத்துல பத்துக்கு எட்டு பிடிப்புதான், அதனால வாய் முதல்ல அங்கேயே போகுது. மீதி ரெண்டு பேர்ல ஒருத்தி நீ.

-----

நைட்ஷிப்ட் அப்பா:

பொம்பளைங்க பேசற இடத்துல நுழையறேன், மன்னிக்கணும். தங்கச்சி, உன் வீட்டுக்காரர் படிக்கிறதுக்காக இதை எழுதறேன். அவருக்கு அனுப்பி விடு.

எங்களுக்குப் பையன் பிறந்தப்ப என் மனைவி தூக்கமில்லாம சாகுறாளேன்னு, ராத்திரி 1 மணிக்கும் 4 மணிக்கும் "நீ தூங்கு, நான் பவுடர் குடுக்கறேன்"னு சொன்னேன். பாசத்துலதான். அஞ்சு நாள் தியாகி மாதிரி நடந்துக்கிட்டேன். ஆறாவது நாள் அவளுக்கு வலது மார் கல்லு மாதிரி கட்டி, செவந்து, 102 டிகிரி காய்ச்சல். டாக்டர் என்னைத் திட்டினாங்க. பால் சுரக்க வைக்கிற ஹார்மோன் ராத்திரி பிள்ளை குடிக்கிறப்பத்தான் அதிகமா ஏறுமாம், நான் அந்த நேரத்தைப் பிடுங்கிட்டேன். கட்டின பக்கத்தை அழுத்திப் பிசையக் கூடாது, பிள்ளையைக் குடிக்க விடறதை நிறுத்தவும் கூடாது, நடுவுல துணியில ஐஸ் சுத்தி வைங்கன்னாங்க. மாத்திரையும் குடுத்தாங்க. எங்கம்மா சுடுதண்ணி ஒத்தடத்தோட நின்னுட்டிருந்தாங்க, அவங்களை அந்தப் பக்கம் கூட்டிட்டுப் போறதே பெரிய வேலையாப் போச்சு.

அப்புறம் நான் செஞ்சது இதான். குடுக்கறதை அவகிட்ட விட்டுட்டேன், மத்த எல்லாம் நான். பிள்ளையை எடுத்துக் குடுக்கறது, தோள்ல போட்டு ஏப்பம் எடுக்கறது, துணி மாத்தறது, அவ உட்கார்ந்ததும் ஒரு சொம்பு தண்ணி பக்கத்துல வைக்கிறது. முக்கியமா, வர்ற போனை எல்லாம் நான் எடுத்தேன். "பால் ஊறுச்சா"ன்னு கேக்கற போனை ஓசூர்லருந்துகூட எடுக்கலாமே? அவர் அம்மா தானே கேக்கறாங்க.

-----

மூணு புள்ளைக்காரி:

தம்பி, கடைசி வரிக்கு ஒரு மாலை போடணும்.

சிஸ்டர், பவுடரைப் பத்தி ஒரு கேள்வி. என் கடைசிப் பிரசவத்துல டிஸ்சார்ஜ் பையோட ஒரு சின்ன பவுடர் டப்பாவும் வச்சுக் குடுத்தாங்க. அது சரியா?

-----

ரிட்டயர்டு சிஸ்டர்:

சரியே இல்ல. இதுக்குன்னே 1992ல ஒரு சட்டம் வந்துச்சு, 2003ல இன்னும் இறுக்கினாங்க. ரெண்டு வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைகளுக்கான பவுடரையும் பாட்டிலையும் விளம்பரம் பண்ணக் கூடாது, தாய்மாருக்கு இலவச சாம்பிள் குடுக்கக் கூடாது. தேவைப்படற பிள்ளைக்கு டாக்டர் எழுதிக் குடுக்கறது வேற, அதை யாரும் தடுக்கல.

-----

பூட்டூர்க்காரி:

நாலு நாள் கழிச்சு வர்றேன். இன்னிக்கு 23ஆம் நாள்.

சிஸ்டர், நீங்க எழுதினதை அம்மாவுக்குப் படிச்சுக் காட்டினேன். "தண்ணிக்குடம்"னதும் அம்மாவுக்குப் புரிஞ்சிருச்சு, எனக்குத்தான் புரியல. மறுநாள் காலையில ஷேர் ஆட்டோ பிடிச்சு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிட்டோம். டோக்கன் போட்டு ரெண்டு மணி நேரம் உட்கார்ந்தோம். உள்ள ஒரு ஸ்டாஃப் நர்ஸக்கா, என் வயசுதான் இருக்கும். நீங்க சொன்ன வாக்கியத்தை அப்படியே சொன்னேன். அவங்க சிரிச்சுட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு என் எதிர்லயே உட்கார்ந்துட்டாங்க. நாப்பது நிமிஷம். நடுவுல ரெண்டு பேர் கூப்பிட்டும் எழுந்திருக்கல.

முதல்ல பாப்பா நாக்கைத் தூக்கிப் பார்த்தாங்க, அடிநாக்கு ஒட்டல, நல்லாத்தான் நீட்டறாளாம். அப்புறம் என் தோளைக் கீழே அமுக்கினாங்க. பத்தொம்பது நாளா தோளைக் காதுக்கிட்ட தூக்கி வச்சுக்கிட்டேதான் இருந்திருக்கேன், எனக்கே தெரியல. நாலாவது தடவை போட்டப்ப பிடிச்சா. வலிக்கல. நான் பயந்துட்டேன், பிடிக்கவே இல்லையோன்னு. "கேளுங்க"ன்னாங்க. க்... க்... க்... அம்மாதான் முதல்ல கேட்டாங்க, "ஏய் முழுங்குறாடி"ன்னு கத்திட்டாங்க, பக்கத்துக் கட்டில் பிள்ளை எழுந்து அழுதுருச்சு.

பதினெட்டு நிமிஷத்துல தானா விட்டுட்டா. கை விரிஞ்சு கிடந்துச்சு. இதுவரைக்கும் முட்டி மடக்கின கையைத்தான் பார்த்திருக்கேன்.

வீட்டுக்கு வந்து அன்னிக்குச் சாயங்காலமே எல்லாம் மறந்து போச்சு. இடது பக்கம் இன்னும் தகராறுதான். சாயங்காலம் 6லருந்து 10 வரைக்கும் விடாம கேக்குறா, மார் தொளதொளன்னு இருக்கு, மறுபடி பால் போச்சோன்னு ஒரு திகில். நர்ஸக்கா சொன்னாங்க, அந்த நேரம் நிறைய பிள்ளைங்க அப்படித்தான், மார் கல்லு மாதிரி இல்லைன்னா காலின்னு அர்த்தம் இல்லன்னு. தைராய்டுக்கு ரத்தம் குடுத்தேன், நார்மல். பவுடரை மூணுலருந்து ரெண்டாக் குறைச்சிருக்கோம், பாலாடையிலதான். இன்னிக்கு எடை 2.910. பிறந்த எடையைத் தாண்டியாச்சு!

அண்ணா, நீங்க எழுதினதை அவருக்கு அனுப்பினேன். ஒண்ணும் சொல்லல. ஆனா ரெண்டு நாளா அத்தை எனக்குப் போன் பண்ணல.

-----

மூணு புள்ளைக்காரி:

ஹாஹா. 45ஆம் நாள் ஊசிக்குப் போறப்பவும் எடை பாரு. ஊசி போட்ட உடனே மார்ல போடு, அழுகை சீக்கிரம் அடங்கும். பஸ்ல போறியா? 2015லருந்து பஸ் ஸ்டாண்டுகள்ல தாய்ப்பால் ஊட்டும் அறை வச்சாங்க. சில இடத்துல நல்லா இருக்கும். நான் ஒரு ஊர்ல போனப்ப கதவுல பூட்டு தொங்குச்சு, சாவி யார்கிட்டன்னு யாருக்கும் தெரியல. உங்க ஊர்ப் பூட்டாத்தான் இருக்கும். எதுக்கும் ஒரு பெரிய துண்டு எடுத்துட்டுப் போ.

-----

பூட்டூர்க்காரி:

31ஆம் நாள். 3.150. பவுடர் ராத்திரி ஒரு வேளை மட்டும் இருந்துச்சு, அதையும் முந்தாநாள் விட்டாச்சு. அடுத்த வாரம் எடை பார்த்துட்டுத்தான் நம்புவேன். வெடிப்பு ஆறிருச்சு. இடது பக்கம் படுத்துக்கிட்டுக் குடுத்தா சரியாப் பிடிக்கிறா, உட்கார்ந்தா சண்டை. அதனால இடது பக்கத்துக்குக் கட்டில், வலது பக்கத்துக்கு நாற்காலின்னு வீடே பிரிஞ்சு கிடக்கு.

அத்தை ஞாயித்துக்கிழமை வந்திருந்தாங்க. நான் குடுக்கறப்ப பக்கத்துல உட்கார்ந்து பார்த்துட்டே இருந்தாங்க, அப்புறம் மெதுவா, "உன் வீட்டுக்காரனுக்கு எனக்கு ஒரு மாசம்தான் பால் இருந்துச்சு, அப்புறம் பசும்பால்தான்"னாங்க. அவங்களுக்கும் எல்லாரும் பத்தலன்னுதான் சொன்னாங்களாம். பால்சுறா வாங்கிட்டு வந்திருந்தாங்க, ரெண்டு கிலோ.

-----

புது அம்மா:

எனக்கு 8ஆம் நாள், இதே கதை. மேலே உள்ளதைப் படிச்சுட்டுதான் இருக்கேன். பாலாடை எங்க வாங்கினீங்க அக்கா? மெடிக்கல்ல கேட்டா பாட்டிலை எடுத்து நீட்டறாங்க.

-----

பூட்டூர்க்காரி:

மெடிக்கல்ல கேக்காதம்மா, பாத்திரக் கடையில கேளு. வெள்ளியில வாங்கித் தர்றேன்னு வீட்ல சொன்னாங்க, எனக்கு எவர்சில்வரே போதும்னுட்டேன், கொதிக்கிற தண்ணியில போட்டு எடுக்க அதான் வசதி. மூக்கு ஓரத்துல விரலை ஓட்டிப் பாரு, கூரா இருந்தா வேணாம்னு சொல்லிரு. ரெண்டா வாங்கிக்கோ, ஒண்ணு அடுப்புல இருக்கறப்ப இன்னொண்ணு வேணும். வாங்கறதுக்கு முன்னாடி எத்தனை துணி நனைக்கிறான்னு இங்க எழுதிரு, சிஸ்டர் அதைத்தான் முதல்ல கேப்பாங்க.